மிதவையும் சாம்பல் டப்பாவும்

"மண்ணுக்குள்ள போகாம பொன் எடுக்க முடியுமாம்மா?"

கேட்டவர் சோலையப்பன். கரையில் நின்றபடியே கேட்டார்.

பேச்சி ஆற்றுக்குள் குந்தியிருந்தாள். முழங்கால் நனையும் தண்ணீர். கையில் மரவை. ஒரே மரத்தில் குடைந்த, தாம்பாளம் போன்ற அகலமான தட்டு அது. அதில் மணலும் தண்ணீரும் எடுத்து மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தாள். லேசான மணல் விளிம்பைத் தாண்டி ஆற்றோடு போயிற்று. கனமான மணல் அடியில் தங்கியது.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. அவளுக்கு முப்பத்தொன்பது. தன்னைவிட இளையவளிடம் கற்றுக்கொள்ள வந்தது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்திருந்தார்.

மலையிலிருந்து இறங்கும் அந்த ஆற்றில் பொன் அரிக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. அவர்கள் அரித்துவிட்டுக் கொட்டிய மணலிலும் பேச்சி பொன் எடுப்பாள். அதனால் அவளைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

அவள் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. கேட்டால் ஒரு செய்கை. மிஞ்சினால் ஒரு சொல்.

பொன் எங்கே கிடைக்கும் என்று ஒருவன் கேட்டானாம். அவள் ஒரு கூழாங்கல்லை உருட்டி ஆற்றில் விட்டாளாம். அது உருண்டு போய் நின்ற இடத்தில் அவன் தோண்டினான். கிடைத்தது.

அந்தக் கதை பாலத்தடி டீக்கடை வரைக்கும் போயிற்று. டீக்கடை அமீது ஒன்று சொல்வார். அவள் பேச்சையெல்லாம் பேருக்கே கொடுத்துவிட்டாள், மிச்சம் வைக்கவில்லை என்று.

அவள் தலைமுடியைப் பற்றியும் ஊரில் பேசினார்கள். எண்ணெய் காணாத முடி. காய்ந்த புல் மாதிரி காற்றில் பறக்கும். செத்துப்போன யாருக்காகவோ துக்கம் காக்கிறாள் என்றார்கள் சிலர். ஏதோ வேண்டுதல் என்றார்கள் சிலர்.

அவளிடம் யாரும் கேட்கவில்லை.

*

சோலையப்பனுக்குப் பொன்மேல் ஆசை கிடையாது. அவருக்கு ஒரே மகன், நவநீதன். இருபத்தாறு வயது. தாய் இல்லை.

எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியை மூடி மூன்று வருடம் ஆகிறது. மூடியபோது அப்பா பம்பு ஹவுஸில் இருந்தார். மகன் இலை அரைக்கும் மெஷினில் இருந்தான். அதற்குப் பிறகு மகன் மலைக்குப் போக ஆரம்பித்தான்.

மலையில் பழைய பொன் குழிகள் இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் தோண்டிப் பார்த்துவிட்டு விட்டுப்போனவை. இடுப்பில் கயிறு கட்டி, வயிற்றால் ஊர்ந்து உள்ளே போக வேண்டும். உளியால் பாறையைக் கொத்திச் சாக்கில் எடுத்து வர வேண்டும். போன வருடம் மழையில் ஒரு குழி சரிந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் அங்கேயே இருக்கிறார்கள்.

போகாதே என்று சோலையப்பன் சொல்லிப் பார்த்தார். கோபித்தார். நான்கு நாள் சாப்பிடாமல் இருந்தார்.

மகன் சிரித்தான்.

"ஆத்துலயே பொன் இருக்குன்னுதானே சொல்றீங்க. எடுத்துக் காட்டுங்கப்பா. ஒரு குன்றிமணி எடைகூட வேண்டாம். குன்றிமணியோட கறுப்புக் கண்ணு இருக்குல்ல, அந்த அளவு போதும். அன்னைக்கே கயித்தை அவுத்துப் போட்டுடறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் சொன்ன சொல் மாறுகிறவன் இல்லை. அப்பாவுக்கு அது தெரியும்.

அதனால்தான் அவர் பேச்சியிடம் வந்து நின்றார்.

*

பேச்சி எழுந்தாள். மரவையைச் சாய்த்துக் காட்டினாள்.

ஓரத்தில் கறுப்பு மணல், பிறை வடிவத்தில். அதன் நுனியில் மூன்று பொட்டு வெளிச்சம். ஊசிமுனையைவிடக் கொஞ்சம் பெரியவை.

மண்ணுக்குள் போகாமல் எடுக்க முடியும். பதில் கிடைத்துவிட்டது.

அவள் மரவையில் புது மணல் அள்ளினாள். நீங்கள் சுழற்றிப் பாருங்கள் என்பதுபோல அவர் பக்கம் நீட்டினாள். சோலையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் மரவையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கையைக் கழுவிட்டு வாங்கண்ணே."

குனிந்து ஆற்றிலேயே கழுவினார். மறுபடியும் நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. மோவாயால் ஒரு பாறையைக் காட்டினாள். பாறைமேல் பழைய பால் பவுடர் டப்பா ஒன்று இருந்தது. அது நிறையச் சாம்பல்.

"சாம்பல் போட்டு."

சோலையப்பன் அந்த டப்பாவைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

பதினாறு வயதில் அவர் எஸ்டேட் பங்களாவுக்குத் தண்ணீர் இறைத்தவர். வேலை முடிந்ததும் பின்வாசலில் டீ கொடுப்பார்கள். பின்வாசல் குழாயடியில் ஒரு டப்பா நிறையச் சாம்பல் இருக்கும். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள் குடித்த டம்ளரை லயத்து ஆட்களே சாம்பல் போட்டுத் தேய்த்து, தனியாக ஒரு கல்மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் வெறும் தண்ணீரில் கழுவி வைத்துவிட்டார். "சாம்பல் போட்டு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை.

நாற்பது வருடம் கழித்து, அதே இரண்டு சொற்கள்.

நீட்டிய கையை அவர் மெல்ல இறக்கிக்கொண்டார்.

"பரவால்லம்மா. பார்த்துட்டேன். போதும்."

கரையேறி நடந்தார். பேச்சி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பாதியில் போவார்கள். புரிகிறவர்களுக்குப் புரியும் என்று அவள் இருந்துவிடுவாள்.

*

யார் தட்டையும் தொடாமல் பொன் எடுக்க வேண்டும்.

பாலம் வரும்வரை அவர் யோசித்தது அது ஒன்றைத்தான். பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்த்தார். நடு ஆற்றில், பெரிய பாறைகளுக்குப் பின்னால் ஆழமான மடுக்கள் இருந்தன. கனமானதெல்லாம் அங்கேதான் போய்த் தங்கும். மரவைக்காரர்கள் அந்த ஆழத்துக்குப் போக முடியாது.

பம்பு போக முடியும்.

ஃபேக்டரி மூடியபோது ஒரு பழைய இன்ஜின் பம்பை அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பதினெட்டு வருடம் அவர் கையால் ஓடிய பம்பு. அது வீட்டுப் பின்னால் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

மற்றதெல்லாம் பிறர் வேண்டாம் என்று போட்டவை. மிதவைக்கு ஊறுகாய் வந்த நீலப் பீப்பாய்கள் நான்கு. அவற்றின் மேல் கட்ட மூங்கில். விவசாயத்துக்குப் பயன்படாத, ஒட்டுப்போட்ட ஹோஸ் குழாய். சமையல் எண்ணெய் வந்த தகர டின்களை வெட்டி விரித்து, ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் செய்தார். பழைய தேயிலைப் பெட்டிகளின் விளிம்பில் இருந்த இரும்புப் பட்டைகளைக் கழற்றி, ஏணிப் படிகள் மாதிரி வாய்க்காலுக்குக் குறுக்கே வைத்தார். அவற்றுக்குக் கீழே தென்னை நார் மிதியடிகள் இரண்டு. ஒன்றில் நல்வரவு என்று எழுதியிருந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. பம்பு தண்ணீரை ஒரு சின்னக் குழாய் வழியாகப் பெரிய குழாய்க்குள் வேகமாகப் பாய்ச்சும். அந்த வேகம் பெரிய குழாயின் அடிவாயிலிருந்து மணலை உறிஞ்சிக்கொண்டு மேலே வரும். மணல் தகர வாய்க்காலில் விழுந்து ஓடும். லேசானது ஓடிப்போய் ஆற்றிலேயே விழும். கனமானது பட்டைகளுக்குப் பின்னால் தங்கி, மிதியடி நாருக்குள் இறங்கும்.

மாசி மாதம் முழுவதும் வேலை நடந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் சோலையப்பன் எண்ணெய்த் துணியை எடுப்பார். பம்பைத் துடைப்பார். குழாய் வாயைத் துடைப்பார். குறுக்குப் பட்டை ஒவ்வொன்றையும் மேலும் கீழும் துடைப்பார். பம்பு ஹவுஸில் முப்பத்தொரு வருடப் பழக்கம். எண்ணெய் போடாத இரும்பைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது.

மிதவையை ஆற்றில் இறக்கிய அன்று நவநீதனும் வந்தான். பீப்பாய்களை மூங்கிலோடு சேர்த்து அவன்தான் கட்டினான். குழிக்குப் போகும்போது இடுப்பில் போடுவானே, அதே முடிச்சு.

"இது அவுறாதுப்பா" என்றான்.

டீக்கடை அமீது பாலத்தின் மேல் நின்று, கேப்டன், கப்பல் கொழும்புக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். சோலையப்பனின் அப்பா குடும்பத்தோடு இலங்கையிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

மிதவை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்தது. மிதந்தது.

நவநீதன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கைதட்டினான். அப்பா சிரித்ததை அவன் வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தான்.

*

பொன் வரவில்லை.

பம்பு நன்றாக ஓடியது. குழாய் நன்றாக உறிஞ்சியது. மணல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாலையில் மிதியடிகளை எடுத்து உதறி, அந்த மணலை ஓர் அலுமினியத் தட்டில் போட்டுப் பேச்சி செய்ததைப் போலவே சுழற்றுவார். கறுப்பு மணல் வரும். பொன் வராது.

ஒரு வாரம். இரண்டு வாரம். பங்குனி பாதி போயிற்று.

வாய்க்காலின் சாய்வைக் குறைத்தார். கூட்டினார். மடுவை மாற்றினார். பட்டைகளை நெருக்கி வைத்தார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

நவநீதன் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவரை அதிகமாக வருத்தியது. காலையில் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றேம்பா" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போவான். குழிக்குள்ளே நல்ல கல் தென்படுகிறது, இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் போதும் என்று அவனும் கூட இருந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். மழைக்கு முன்னால் முடித்துவிடுவார்களாம்.

சோலையப்பனுக்கும் மழைவரைக்கும்தான் நாள் இருந்தது. சித்திரையில் கோடை மழை இறங்கினால் ஆறு மிதவையை வைத்திருக்காது.

கடைசியில் வெட்கத்தை விட்டார். தகர வாய்க்காலின் கடைமுனையில் விழுந்துகொண்டிருந்த மணலை ஒரு டின்னில் பிடித்தார். எடுத்துக்கொண்டு பேச்சியிடம் போனார்.

"இதுல பொன் இருக்காம்மா?"

பேச்சி டின்னை வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். பாறைமேல் இருந்த டப்பாவை எடுத்து, இரண்டு கைப்பிடிச் சாம்பலை அந்த மணலில் கொட்டினாள். பாத்திரம் தேய்ப்பதுபோல மணலைக் கையால் தேய்தேய் என்று தேய்த்தாள்.

சோலையப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். என் கைக்குத்தான் சாம்பல் என்று நினைத்தேன், என் மணலுக்குமா?

அவள் மரவையில் போட்டுச் சுழற்றினாள். சாம்பல் கரைந்து போயிற்று. வெள்ளை மணல் போயிற்று. கறுப்பு மணல் பிறையாக ஒதுங்கியது.

ஒன்பது பொட்டு.

அவருடைய மிதவை துப்பிய மணல். அவர் வேண்டாம் என்று ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்த மணல். ஒரு டின் மணலில் ஒன்பது என்றால் ஒரு நாள் மணலில் எவ்வளவு, ஒரு மாத மணலில் எவ்வளவு?

"அப்போ எனக்கு ஏன் தங்கல?"

பேச்சி அவர் கைகளைப் பார்த்தாள். சாம்பல் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது அவர் வாயில் வந்துவிட்டது.

"என் கை பட்டா பொன் ஓடிடுமா?"

பேச்சி தலையை ஆட்டினாள்.

"ஓடிடும்."



அவர் டின்னை வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்பது பொட்டையும் வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனார்.

பேச்சி மரவையைக் கழுவிக் கவிழ்த்தாள். இதைவிடத் தெளிவாக அவள் யாருக்கும் சொன்னதில்லை.

*

அதற்குப் பிறகு சோலையப்பன் யாரிடமும் போகவில்லை. தெரிந்தது ஒன்றுதான். உழைப்பது. காலை வெளிச்சம் வந்ததும் மிதவைக்குப் போனார். இருட்டும்போது வந்தார். பட்டைகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன.

நடுவில் ஒருநாள் மகனிடம் சொன்னார்.

"இருக்குடா. ஆத்துல பொன் இருக்கு. என் கண்ணால பார்த்தேன்."

"எங்கப்பா?"

"பேச்சி தட்டுல."

 நவநீதன் அப்பாவின் முதுகில் கைவைத்தான்.

"உங்க தட்டுல வரட்டும்பா."

சித்திரை பதினோராம் நாள். மத்தியானம் மூன்று மணி. வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே மலை உச்சி கறுத்தது. ஊரில் ஒரு துளி விழுமுன் மலையில் மழை கொட்டிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறமாக வந்ததைப் பார்த்துத்தான் சோலையப்பனுக்குத் தெரிந்தது. மிதவையைக் கரையோரம் இழுத்துக் கட்டினார். எண்ணெய்த் துணியை எடுத்துப் பட்டைகளைத் துடைக்கத் தொடங்கினார்.

பாலத்திலிருந்து அமீது ஓடி வந்தார். அவர் கேப்டன் என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

குழிக்குள் போனவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் வெளியே வந்துவிட்டார்கள். நவநீதன் எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விட உள்ளே இருந்தவன். மேலே நின்றவர்கள் அவன் கயிற்றை இழுத்திருக்கிறார்கள். முடிச்சு அவிழவில்லை. கயிறு நடுவில் பாறையில் அறுந்துவிட்டது.

சோலையப்பன் மண்வெட்டியை வாங்கித் தோண்டினார். பிடி கையில் வழுக்கியது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தோண்டினார். மறுபடியும் வழுக்கியது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே பறித்தார். பிறகு யாரோ அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அடுத்த நாள் மத்தியானம் அவனை எடுத்தார்கள்.

*

மூன்றாம் நாள் காலை பால் ஊற்றினார்கள். மகன் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை அப்பா மகனுக்குச் செய்தார். எலும்பைப் பொறுக்கினார். சாம்பலை இரண்டு கையாலும் அள்ளிக் கலயத்தில் போட்டார். வேறு யாரையும் அள்ள விடவில்லை.

ஆற்றுக்கு எடுத்து வந்தார். உடன் வந்தவர்களைப் பாலத்தடியிலேயே நிற்கச் சொன்னார். தனியாக, ஆற்று வளைவில், மிதவை கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இறங்கினார்.

கலயத்தைச் சாய்த்தார். ஆறு அவனை வாங்கிக்கொண்டது.

கலயத்தின் அடியில் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருந்தது. வெறும் கலயத்தை ஆற்றில் விட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் அவன் கொஞ்சம் ஆற்றிலும் கொஞ்சம் கலயத்திலுமாக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு கை மணலும் தண்ணீரும் எடுத்துப் போட்டு, கையை உள்ளே விட்டுத் தேய்த்தார். பிறகு சுழற்றினார். ஒன்றரை மாதமாகச் சுழற்றிய கை. அது தானாகவே சுழற்றியது. சாம்பல் போயிற்று. வெள்ளை மணல் போயிற்று.

கொட்டுவதற்கு முன்னால் உள்ளே பார்த்தார்.

கறுப்பு மணல் பிறையாக ஒதுங்கியிருந்தது. அதன் நுனியில் பொன். ஏழு, எட்டுப் பொட்டு. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, அசையாமல்.

எல்லாம் சேர்ந்து, குன்றிமணியின் கறுப்புக் கண்ணளவு இருந்தது.

அவர் எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. நிமிர்ந்தபோது பேச்சி கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மரவை.

கலயத்தை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

"அத்தனை நாள் வரல. இன்னைக்கு ஏம்மா வந்துச்சு?"

பேச்சி அவர் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை வெள்ளையாக, வறண்டு, சாம்பல் படிந்த கைகள்.

அவள் மிதவைக்கு நடந்தாள். மூங்கிலில் அவருடைய எண்ணெய்த் துணி தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து வந்தாள். தன் மரவையை அவர் முன்னால் பிடித்தாள். அதில் அவள் அன்று காலை அரித்த பொன் கிடந்தது. ஐந்து பொட்டு. துணியைப் பிழிந்து மரவைத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விட்டாள்.

எண்ணெய் வானவில் நிறத்தில் படர்ந்தது.

மரவையை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அடியில் கிடந்த பொன் மேலே வந்தது. தூசி மாதிரி, தண்ணீரின் மேல் மிதந்தது. விளிம்புக்கு நகர்ந்தது. அவள் மரவையை லேசாகச் சாய்த்தாள். ஐந்து பொட்டும் ஆற்றோடு போய்விட்டன.

சோலையப்பன் தன் மிதவையைப் பார்த்தார். பளபளக்கும் பட்டைகளைப் பார்த்தார். எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த வாய்க்காலைப் பார்த்தார். பேச்சியின் காய்ந்த தலைமுடியைப் பார்த்தார்.

கடைசியாக, தள்ளிப் பேச்சியின் பாறைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"எண்ணெய்க்கா?" என்றார். மறுபடியும் கேட்டார். "எண்ணெய் போகத்தானா சாம்பல் போடச் சொன்னே?"

அவள் தலையாட்டினாள்.

பங்களா பின்வாசலைப் பற்றி அவர் சொன்னார். குழாயடியில் இருந்த டப்பாவைப் பற்றி, கல்மேல் கவிழ்த்து வைத்த டம்ளரைப் பற்றி, உள்ளேயிருந்து வந்த குரலைப் பற்றிச் சொன்னார். இதுவரை அவர் யாரிடமும் சொல்லாதது. நவநீதனிடம்கூடச் சொன்னதில்லை.

பேச்சி கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் கையிலிருந்த மரவை தானாகத் தாழ்ந்தது. விளிம்பு தண்ணீரில் முட்டியது. ஆறு உள்ளே வந்து அதை நிறைத்தது.

"கழுவுன்னு சொன்னே. ஓடிடும்னு சொன்னே. நடுவுல எண்ணெய்னு ஒரு வார்த்தை..."

 கலயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

பேச்சி ஏதோ செய்கை காட்டக் கையைத் தூக்கினாள். கை பாதியில் நின்றது. கீழே இறங்கியது.

"சொல்லியிருக்கலாம்ண்ணே" என்றாள்.